வேங்கையின் தங்கை



பிளாசா அங்சானா வணிக வளாகம் எங்கே என்று கேட்டால் பெர்மாஸ் ஜெயாவில் கூடிய இந்த அவையில் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லிவிடும். அங்சானா மரத்தைக் காட்டு என்று கேட்டால் எத்தனை விரல்கள் நீளும்? அந்த மரத்துக்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

மதுரையை எரித்துவிட்டு மேற்கே நடந்த கண்ணகி, சேரநாட்டு மலையில் எந்த நிழலில் போய் நின்றாள்? வேங்கை மர நிழலில்! வள்ளியிடம் காதல் பேசிக்கொண்டிருந்த முருகன், வேடர் தலைவன் வருகிறான் என்றதும் எந்த மரமாக உருமாறி நின்றான்? வேங்கை மரமாக! அந்த வேங்கையும் நம் சாலையோர அங்சானாவும் ஒரே பேரினம். டெரோகார்ப்பஸ் என்பார்கள் தாவரவியலார். ஆந்திரக் காடுகளின் செஞ்சந்தனமும் இவற்றோடு பிறந்ததுதான். அவரையும் துவரையும் சேர்ந்த குடும்பம் இது. அதனால் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கும்.

சில நாள் வெயில் காய்ந்து ஒரு மழை பெய்யட்டும், அடுத்த சில நாளில் அங்சானா மரமெல்லாம் மஞ்சள் பூ. பூவுக்கு ஆயுள் ஒரே நாள். அதற்குள் தெருவெல்லாம் மணக்கும்.

மரத்தின் வைரம் கறையான் எளிதில் அண்டாதது. கீறினால் சிவப்புப் பிசின் வடியும். மேசை, நாற்காலி, இசைக்கருவி என்று எதற்கும் ஆகும். இம்மரத்தில் குடைந்த குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால், வெளிச்சத்தில் அந்தத் தண்ணீர் நீலமாக ஒளிரும். பிலிப்பீன்சில் செய்த அத்தகைய குவளைகள் ஐரோப்பா வரை போய் அறிஞர்களை வியக்க வைத்தன. அந்த நாடு 1934இல் இம்மரத்தையே தேசிய மரமாக அறிவித்தது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய்க்கு என்று ஊரில் விற்கிறார்களே, அது வேங்கைக் குவளை, அங்சானா அல்ல. எந்தக் குவளைக்காகவும் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மலாக்காவில் 18ஆம் நூற்றாண்டிலேயே அங்சானாவை நிழலுக்கு நட்டார்கள். கை கனத்துக் கிளையை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும் மரம் இது. சிங்கப்பூரைப் பசுமை நகராக்கப் புறப்பட்டவர்கள் அந்த வழியில்தான் சாலை சாலையாக நட்டு, சில ஆண்டுகளிலேயே நிழலைக் கண்டார்கள். ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருந்தது. ஒரே தாய்மரத்தின் கிளைகள் எல்லாம் ஒரே மரந்தான். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். மலாக்காவிலும் பினாங்கிலும் அன்றைய பெருமரங்கள் வாடல் நோயில் வரிசையாகச் சாய்ந்தன. பிற்காலத்தில் சிங்கப்பூரிலும் அதே வாடல் வந்தது. ஃபியூசேரியம் என்ற பூஞ்சைதான் காரணம் என்று கண்டறிந்தார்கள்.

அதனால்தான் கேட்கிறேன்: விதையிலிருந்து வளர்ப்போம்! ஒவ்வொரு விதைக்கும் தனித்தனிக் குணம் உண்டு. நோய் வந்தாலும் சில மரமாவது நிற்கும். காட்டில் இந்த மரம் அருகிவிட்டது. உலகச் செம்பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனமாகச் சேர்த்திருக்கிறார்கள். சாலையோர மரத்துக்கு என்ன பஞ்சம் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

காய் வட்டமாக, ஓரத்தில் சிறகோடு இருக்கும். காய்ந்து விழுந்ததைப் பிள்ளைகள் பொறுக்கி வரட்டும். ஓட்டை உடைக்க வேண்டாம், காயோடு புதைக்கலாம். தமிழ்ப்பள்ளி வளாகத்திலும் கோயில் பின்கட்டிலும் நாற்றுப்பை வைக்க இடம் கொடுங்கள். வேர் பரந்து ஓடும் மரம், ஆகவே சாக்கடைக்கும் சுவருக்கும் தள்ளி, திடல் ஓரமாக இடம் கேட்டு மாநகர் மன்றத்துக்கு ஒரு கடிதம் அனுப்புவோம். கடிதம் வாசலில் மேசைமீது இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் செல்லுங்கள்.