ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்



பழைய கார் பார்க்கப் போனால் நம் கண் முதலில் மீட்டருக்குத்தான் போகிறது. ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் உடனே தயங்குகிறோம். கியர்பாக்ஸைப் பொறுத்தவரை அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. சென்னை–மதுரை நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரிலேயே ஓடிய வண்டியும், தி.நகர் நெரிசலில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்த வண்டியும் ஒன்றா? முன்னது இரண்டு மடங்கு ஓடியிருந்தாலும் அதன் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கலாம்.

அதனால் காதையும் காலையும் நம்புங்கள். "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலை போகலாம், தப்பில்லை.

இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதிக்காமல் கவனியுங்கள். உறுமல் போல ஓர் இரைச்சல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அது நின்றால், கியர்பாக்ஸுக்குள் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது ரிலீஸ் பேரிங். கிளட்ச் செட்டோடு மாற்றிவிடலாம். இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கலாம், ஆனால் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பிறகு வண்டியை நீங்களே ஓட்டுங்கள். நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் அலறியும் வண்டி வேகம் பிடிக்காவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பாருங்கள். வேறு வேறு வேகத்தில் சுற்றும் பல்சக்கரங்களை உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவருபவை சின்ன பித்தளை வளையங்கள். ஊருக்குள் அடிக்கடி மாற்றப்படும் இரண்டாம் கியரில்தான் அவை பெரும்பாலும் முதலில் தேயும். தேய்ந்தால் 'கர்ர்' என்று கடிக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்து விழுந்தால், அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

"ஆட்டோமேட்டிக் சார், கிளட்ச் தொல்லையே இல்ல" என்பார்கள். 2014-இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வண்டிகளிலும் சாதாரண கிளட்ச் பிளேட்தான் இருக்கிறது. அதை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் இயந்திரம். அந்தப் பிளேட்டும் தேயும். மற்றோர் ஆட்டோமேட்டிக் வகையான டார்க் கன்வெர்ட்டரில், பிரேக்கை அழுத்தியபடி நியூட்ரலிலிருந்து டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றுங்கள். இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டு இடித்துக்கொண்டு விழுந்தால் உள்ளே கோளாறு இருக்கிறது. ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடித்தாலும் அப்படித்தான்.

"ஆயில் மாத்தினா சரியாயிடும்" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். தேய்ந்த பல்லையும் வளையத்தையும் எந்த ஆயிலும் வளர்த்துத் தராது. விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்கை விட்டு, உங்களுக்குத் தெரிந்த ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். கிளட்ச் தேய்ந்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கியர்பாக்ஸே கெட்டிருந்தால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள்.