வரலாறும் இலக்கியமும் ஒரே வகுப்பில்

(பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பாடத்திட்டக் குழு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரும் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றையும் தமிழ் இலக்கியத்தையும் சேர்த்து நடத்த ஒரு திட்டம் தயாரித்திருக்கிறோம். வாரத்திற்கு இரண்டு பாடவேளை, முப்பது வாரம், மொத்தம் அறுபது பாடவேளை. அறிவிப்பு வந்ததும் உங்களில் பலர் இரண்டு கேள்வி கேட்டீர்கள். "இதனால் பிள்ளையின் மார்க் குறையுமா?" என்பது ஒன்று. "கதையும் பாட்டும் படித்து என்ன ஆகப்போகிறது?" என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

இன்று நம் பிள்ளைகள் வரலாற்றை எங்கே படிக்கிறார்கள்? பெரும்பாலும் கைப்பேசியில்தான். ஒருநாள் ஒரு செய்தி வருகிறது: நீங்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், உங்கள் முன்னோர் இன்னின்ன கொடுமை செய்தார்கள் என்று. மறுநாள் நம்மவர் ஒருவரே இன்னொரு செய்தியை அனுப்புகிறார்: உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் நாம்தான் கண்டுபிடித்தோம் என்று. முதல் செய்தியைப் பார்த்துப் பிள்ளை குன்றிப் போகிறான், அல்லது கோபப்படுகிறான். இரண்டாவதைப் பார்த்து மார்தட்டுகிறான். "இது உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்?" என்று இரண்டு செய்தியைப் பார்த்தும் அவன் கேட்பதில்லை. கேட்க அவனுக்கு யாரும் பழக்கவில்லை.

இந்தக் கேள்வி நமக்குப் புதியதல்ல. ஒரு ஹதீஸ் என்றால் அதன் அறிவிப்பாளர் வரிசை என்ன, அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்திருக்க முடியுமா, நினைவாற்றலும் நாணயமும் எப்படி என்று ஆராய்ந்து பார்த்த மரபு நம்முடையது. 1332-இல் துனிஸில் பிறந்த இப்னு கல்தூன் இதை வரலாற்றிலும் எதிர்பார்த்தார். 1377-இல் எழுதி முடித்த 'முகத்திமா'வில், முன்னோர் சொன்ன எண்ணிக்கைகளை அப்படியே எழுதி வைத்த வரலாற்றாசிரியர்களைக் கண்டிக்கிறார். மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள் என்று எழுதியவர்களைப் பார்த்து, அவ்வளவு பெரிய படை எந்த நிலத்தில் அணிவகுத்து நின்றிருக்க முடியும் என்று கேட்கிறார். பெரிய பெயர் சொன்னது என்பதற்காக அவர் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்தைத்தான் வகுப்பறைக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

அப்படியானால் வரலாறு மட்டும் போதாதா, இலக்கியம் எதற்கு? நடந்தது என்ன என்பதை ஆவணங்கள் ஓரளவு சொல்லும். அதை வாழ்ந்து கடந்த மனிதர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள், எதை நினைவில் வைத்தார்கள், எதை மறந்தார்கள் என்பதைப் பாட்டும் கதையும் சொல்லும். ஆனால் கவிஞர் தம் கற்பனையையும் சேர்ப்பார். ஆவணம் எழுதியவர் தம் எஜமானருக்குப் பிடித்ததை எழுதுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பிள்ளைதான் இரண்டையும் சரியாக எடைபோடக் கற்றுக்கொள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கான் சாகிப் என்று மதுரைப் பக்கம் சொல்லப்படும் யூசுப் கான், இராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர். பிறப்பால் இந்து, பிறகு இஸ்லாத்தைத் தழுவியவர். கம்பெனிப் படையில் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவராக உயர்ந்தார். நெற்கட்டும்செவல் புலித்தேவரைக் கம்பெனிக்காகப் போரிட்டு அடக்கியவர் அவர். அதே யூசுப் கான் பிறகு ஆற்காடு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். மதுரைக் கோட்டையை 1763, 1764 ஆண்டுகளில் முற்றுகையிட்டும் எளிதில் பிடிக்க முடியவில்லை. கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது.

இவர் வீரரா, துரோகியா? நம் பிள்ளைகள் உடனே ஒரு பதில் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம் என்போம். 'கான் சாகிபு சண்டை' என்று ஒரு கதைப்பாடல் இருக்கிறது, நா. வானமாமலை அதைப் பதிப்பித்திருக்கிறார். அதில் சில பகுதிகளைத் தமிழாசிரியர் படித்துக் காட்டுவார். கம்பெனி அதிகாரிகளின் கடிதங்களை ஆதாரமாகக் கொண்டு எஸ்.சி. ஹில் 1914-இல் எழுதிய நூலிலிருந்து சில பக்கங்களை வரலாற்றாசிரியர் தமிழில் எடுத்துச் சொல்வார். பிறகு பிள்ளைகள் ஒரு தாளில் மூன்று பத்தி போடுவார்கள்: இரண்டும் ஒத்துச் சொல்வது எது, பாட்டு மட்டும் சொல்வது எது, கடிதம் மட்டும் சொல்வது எது. அதற்குப் பின்தான் தம் கருத்தை எழுதலாம்.

இந்த ஒரு பாடத்தில் இன்னொன்றும் தெளிவாகும். கான் சாகிபின் கடைசிப் போர் ஒரு முஸ்லிம் நவாபுக்கு எதிரானது. புலித்தேவருக்குத் துணை நின்றவர்களில் அந்த நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் உண்டு. அன்றைய சண்டைகள் வரிக்காகவும் அதிகாரத்துக்காகவும் நடந்தவை. அவற்றை இரண்டு மதங்களின் போராகச் சுருக்கி அனுப்பப்படும் செய்தியைப் பார்த்தால் பிள்ளைக்கு இனிக் கோபம் வராது. கேள்வி வரும்.

அடுத்தது சீறாப்புராணம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ராகத்தோடு தெரிந்த நூல். எட்டயபுரத்து உமறுப்புலவர் பதினேழாம் நூற்றாண்டில் பாடியது. ஐயாயிரம் பாடல்களுக்கு மேல். அவருக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் கடிகைமுத்துப் புலவர், எட்டயபுரம் அரண்மனைப் புலவர். நூலைப் பாடத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார்.

இதில் அரபு நாட்டை வருணிக்கும் இடத்தில் மலையில் மழை பொழிகிறது, ஆறு பெருகி வருகிறது, வயலில் உழவு நடக்கிறது. பிள்ளைகளின் கையில் அரபு நாட்டு வரைபடத்தைக் கொடுத்தால், "புலவர் தவறாக எழுதிவிட்டாரா?" என்று கேட்பார்கள். இல்லை. தமிழில் பெருங்காப்பியம் பாடுவதென்றால் நாட்டுவளத்தையும் நகர்வளத்தையும் பாடித் தொடங்க வேண்டும் என்பது மரபு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழ் மக்களுக்குத் தமிழ் மரபிலேயே சொன்னார் புலவர். இதை அறிந்த பிள்ளை காப்பியத்தைப் புவியியல் புத்தகமாகவும் படிக்காது, பொய் என்று ஒதுக்கவும் செய்யாது. கூடவே வரலாற்றாசிரியர் கேட்பார்: ஒரு புலவரைக் காப்பியம் பாடச் சொல்லி ஆதரிக்கும் அளவுக்குக் கீழக்கரை வணிகரிடம் பொருள் எப்படிச் சேர்ந்தது? முத்து, துணி, கப்பல், டச்சுக் கம்பெனி, சேதுபதி மன்னர்கள் என்று பாடம் விரியும். "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்ற கேள்விக்குக் கத்தாமல் பதில் சொல்ல இந்த ஒரு பாடமே போதும்.

இந்த இரண்டைப் போல மொத்தம் ஆறு பகுதிகள், பகுதிக்கு ஐந்து வாரம். மற்ற நான்கையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் பகுதி, கடல் வணிகம். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பாடுகிறது. அதற்கு ஆயிரம் ஆண்டுக்குப் பின், பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைக்கு ஹோர்முஸ், ஏடன் கப்பல்கள் குதிரை கொண்டு வந்ததை மார்க்கோ போலோ எழுதுகிறார். இறக்கியது குதிரை என்றால் திரும்பும்போது ஏற்றியது என்ன என்று பிள்ளைகள் தேடுவார்கள். சீறாப்புராணமும் கான் சாகிபும் இரண்டாவது, மூன்றாவது பகுதிகள்.

நான்காவது, பெண் கல்வி. வங்காளத்து ரொக்கையா சகாவத் ஹுசைன் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1905-இல் வெளிவந்தது நம் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில். பெண்கள் கல்வி கற்று, சூரிய வெப்பத்தைச் சேமித்து நாடாளும் கற்பனை அது. 1911-இல் அவரே கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார். 1938-இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளின் படிப்பு எந்த வயதில் நின்றது, ஏன் நின்றது என்று பிள்ளைகள் வீட்டில் பாட்டிமார்களிடம் கேட்டு வருவார்கள்.

ஐந்தாவது, 1947 பிரிவினை. எல்லைக்கோடு வகுக்க ராட்கிளிஃப் இந்தியா வந்தது ஜூலை 8. கோடு வெளியிடப்பட்டது ஆகஸ்ட் 17, அதாவது விடுதலைக்கு இரண்டு நாள் கழித்து. இதற்கு முன் அவர் இந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. இந்தத் தேதிகளோடு மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதையைச் சேர்த்துப் படிப்போம். மனநல விடுதியில் இருப்பவர்களையும் இரண்டு நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் கதை. இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுதச் சொல்லப் போவதில்லை. எல்லாப் பக்கத்திலும் மனிதர்கள் பட்ட துன்பத்தைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஆறாவது, பிழைக்கப் போனவர்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலில் இரண்டாம் உலகப் போர்க்கால மேடானும் பினாங்கும் வருகின்றன. 1942-இல் பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். பலர் நடந்தே வந்தார்கள். 1960-களில் அங்கே கடைகள் அரசுடைமையானபோது மீண்டும் கப்பலேறித் திரும்பினார்கள். இவையெல்லாம் நம் தெருவிலேயே சில வீடுகளின் கதை. இந்தப் பகுதியில் பாடநூலை எழுதப் போவது பிள்ளைகள்தாம்.

இனி மார்க் பற்றி. அரசுப் பாடநூல் எதையும் நாங்கள் விடவில்லை. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் பாளையக்காரர்களின் எதிர்ப்பும் 1806 வேலூர்ப் புரட்சியும் பாடமாக இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் கான் சாகிபைப் படித்த பிள்ளைக்கு அது மனப்பாடச் சுமையாக இருக்காது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சொந்த நடையில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். ஆறு பகுதிக்குப் பன்னிரண்டு பக்கம். தேர்வில் பெருவினா எழுத அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போது, "மார்க் இல்லாதவன்தான் வரலாறு எடுப்பான்" என்று நம் வீடுகளில் சொல்கிறோம். சட்டமும் ஆட்சிப்பணியும் பத்திரிகையும் வேண்டும் என்றும் சொல்கிறோம். ஆதாரத்தைத் தேடி, எடைபோட்டு, தெளிவாக எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தத் துறைகள். எல்லாப் பிள்ளையும் வரலாறு எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விருப்பமும் திறமையும் உள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலப் பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. நம் வீட்டுப் பெட்டிகளில் அரபுத்தமிழ் ஏடுகள் செல்லரிக்கின்றன. படித்துச் சொல்ல ஆள் வேண்டாமா? நாம் படிக்காவிட்டால் நம்மைப் பற்றி மற்றவர் எழுதியதே மிஞ்சும்.

கடைசியாக, உங்களிடம் மூன்று உதவி கேட்கிறோம். வீட்டில் பழைய கடிதம், பர்மா அல்லது மலாயாப் பயணச் சீட்டு, கணக்குப் புத்தகம், அரபுத்தமிழ் நூல், பைத்து எழுதிய நோட்டு எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பள்ளிக்குக் கொண்டுவந்தால் படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். உங்கள் அனுமதியில்லாமல் எதையும் வெளியிட மாட்டோம். இரண்டாவது, வீட்டிலுள்ள பாட்டி, தாத்தா, நன்னாமார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளை குறிப்பெடுக்கட்டும், தேதி போடட்டும். மூன்றாவது, உங்கள் கைப்பேசிக்கு வரலாறு என்று ஒரு செய்தி வந்தால், அதை மற்றவருக்கு அனுப்பும் முன் உங்கள் பிள்ளையிடம் காட்டி, "இதை எப்படிச் சரிபார்ப்பது?" என்று கேளுங்கள். முதல் பகுதி முடிவதற்குள் அவர்கள் உங்களுக்கே சொல்லிக் கொடுப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

முதல் பகுதி முடிந்ததும் பிள்ளைகள் எழுதியவற்றை இதே மண்டபத்தில் வைப்போம். வந்து படியுங்கள். குறை இருந்தால் சொல்லுங்கள். அடுத்த பகுதியில் திருத்திக்கொள்வோம். வஸ்ஸலாம்.