முதல் படம் எடுத்த பிறகே இடைவெளி

பெருநகரங்களில் கூடுவதே வழக்கமான இத்தகைய கருத்தரங்கைக் கடத்தூரில் கூட்டியதற்கும், தலைமைப் பொறுப்பை எனக்கு அளித்ததற்கும் நன்றி. இத்துறையில் என்னிலும் ஆழ்ந்தவர்கள் எதிரே அமர்ந்திருக்கையில் சற்றுப் பதற்றத்தோடுதான் பேசுகிறேன்.

நமக்குத் தரப்பட்ட தலைப்பு, நீரிழிவு விழித்திரை நோயின் வளர்ச்சி. அதன் படிநிலைகளை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புது ரத்தக் குழாய்கள் முளைப்பதற்கு முந்தைய கடும் நிலையில், ஏறக்குறைய பாதிக் கண்கள் ஓராண்டுக்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். உரிய நேரத்தில் செய்யும் லேசர் கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்பது 1976-லேயே உறுதியானது. மற்றவற்றை அமர்வுகள் பார்த்துக்கொள்ளும். நான் ஒரே ஒரு வழக்கைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: கண்ணை எத்தனை காலத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

ஆண்டுதோறும் என்ற விதி தேவையற்றது என்று வாதிடும் நண்பர்கள், 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வை முன்வைக்கிறார்கள். விழித்திரையில் பாதிப்பே இல்லாதவர்களுக்கு நான்காண்டுக்கு ஒருமுறை போதும் என்றது அது. ஆனால் அதில் இருந்தவர்கள் முதல் வகை நீரிழிவுக்காரர்கள்; முப்பது ஆண்டுகளாகக் கண்காணிப்பில் இருந்தவர்கள். ரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் எச்பிஏ1சி 6 சதவீதமாக இருப்பவருக்கு ஐந்தாண்டில் நோய் முற்றும் ஆபத்தைவிட, 10 சதவீதமாக இருப்பவருக்கு மூன்றாண்டில் உள்ள ஆபத்து நான்கு மடங்கு என்பதையும் அதே ஆய்வுதான் சொல்கிறது. இந்தப் பகுதியை யாரும் மேற்கோள் காட்டக் காணோம். இங்கிலாந்து 2023 முதல் இரண்டாண்டு இடைவெளியை ஏற்றதும் உண்மைதான். அங்கே அது, அடுத்தடுத்த இரு பரிசோதனைகளிலும் பாதிப்பில்லை என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே உரியது.

நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னை சங்கர நேத்ராலயாவின் எஸ்என்-டிரீம்ஸ் ஆய்வின் முதல் கட்டத்தை எல்லோரும் அறிவோம். நீரிழிவுக்காரர்களில் 18 சதவீதத்தினருக்கு விழித்திரைப் பாதிப்பு. அந்த ஆய்வில் இருந்தவர்களை நான்காண்டு கழித்து மீண்டும் பார்த்த இரண்டாம் கட்டத்தை நாம் போதிய அளவு படிக்கவில்லை. பாதிப்பில்லாதவர்களில் 9.2 சதவீதத்தினருக்கு நோய் புதிதாக வந்தது. ஏற்கெனவே பாதிப்பு இருந்தவர்களிலோ 22.7 சதவீதத்தினர் பார்வையைப் பறிக்கும் நிலைக்குப் போயிருந்தார்கள்.

முதல் எண் நீண்ட இடைவெளி கேட்கும் நண்பர்களுக்குச் சாதகம், மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது எண் அவர்களுக்கு எதிரானது. ஒருவர் இந்த இரண்டில் எந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்பதை முதல் பரிசோதனைதான் சொல்லும். இரண்டாம் வகை நீரிழிவு எப்போது தொடங்கியது என்பது நோயாளிக்கே தெரியாது. சர்க்கரை இருப்பது தெரியவரும்போதே சிலருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கும். விழித்திரையைப் படமே எடுக்காதவருக்கு இரண்டாண்டு இடைவெளி என்பது எந்த நாளிலிருந்து இரண்டாண்டு?

'ஆண்டுதோறும் என்பது கிராமத்தில் நடக்காத காரியம்' என்பது அடுத்த வாதம். ஆனால் 2021-இல் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மாத்திரை போகும் வீட்டுக்குக் கண் பரிசோதனைக்கான அழைப்பும் போகலாம். படத்தைப் படிக்கச் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களைக் கொண்டும் அதைச் சோதித்த முடிவு 2019-லேயே வெளியானது. ஆளை அழைத்து வருவதும், வராதவரைத் தேடிப் போவதும் நம் வேலை.

ஆகவே இக்கருத்தரங்கு ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன். சர்க்கரை நோய் தெரிந்த உடனே முதல் படம். அதுவரை இடைவெளி பற்றிய பேச்சே வேண்டாம். பாதிப்பு தெரிந்தால், ஆண்டுக் கணக்கை விட்டு நிலைக்கேற்ற மாதக் கணக்கு. கர்ப்பிணிகளுக்குத் தனி அட்டவணை. அடுத்தடுத்த இரண்டு பரிசோதனைகளில் விழித்திரை பாதிப்பில்லாமல் இருந்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் உள்ளவருக்கு மட்டும் இரண்டாண்டு. அதுவும் அவரைத் திரும்ப அழைக்கும் பதிவேடு உள்ள இடத்தில் மட்டும். அந்தப் பதிவேடு இல்லாத இடத்தில் இடைவெளியை நீட்ட நமக்கு உரிமையில்லை. இதை மறுப்பவர்கள் இந்த மேடையிலேயே மறுக்க வேண்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.