சுடோகுவும் சின்ன இலக்கங்களும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர்களைப் பேசக் கூப்பிட்டால் சலரோகமும் பிறஷரும்தான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று சுடோகு. மூத்த அக்காமார் பலர் பத்திரிகையில் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். அதைப் போட்டால் மறதி நோய் வராதா என்று எங்களிடம் கேட்கிறார்கள். அப்படி எவரும் நிறுவவில்லை. பிடித்தால் போடுங்கள், அவ்வளவுதான்.

பெயர் ஜப்பானியம் என்றாலும், இன்றைய வடிவில் இது 1979 இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. 1984 இல் ஜப்பானுக்குப் போய், 2004 இல் லண்டன் ரைம்ஸ் பத்திரிகையில் வந்தபின் எங்கும் பரவியது. மொத்தம் 81 கட்டங்கள். ஒவ்வொரு நிரையிலும், நிரலிலும், பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒருமுறை மட்டும். இலகுவானதை மனத்தாலேயே முடிக்கலாம். கடினமானதற்குக் குறிப்பு வேண்டும்.

பலர் வெற்றுக் கட்டம் ஒவ்வொன்றிலும் வரக்கூடிய எல்லா இலக்கங்களையும் எழுதி நிரப்பிவிடுகிறார்கள். எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும், ஒன்றும் தெரியாது. உலகச் சம்பியன் தோமஸ் சினைடரின் பெயரால் அறியப்படும் முறை சிக்கனமானது. ஒரு பெட்டிக்குள் ஓர் இலக்கம் இரண்டே கட்டங்களில்தான் வரமுடியும் என்றால் மட்டும், அந்த இரண்டின் மூலையிலும் அதைச் சின்னதாக எழுதுவது. மூன்று இடம் என்றால் எழுதுவதில்லை. 4 உம் 7 உம் அதே இரண்டு கட்டங்களில் விழுந்தால் வேறெதுவும் அங்கே வராது. விடையொன்றைப் பெரிதாக எழுதிய கையோடு, அதற்குரிய நிரை, நிரல், பெட்டி மூன்றிலும் அந்தச் சின்ன இலக்கத்தை அழித்துவிட வேண்டும். சின்ன 4 ஒன்று அழிந்தால் அதன் சோடி விடையாகிவிடும். பிறகு அழிக்கலாம் என்று விட்டால் தாள் பொய் சொல்லத் தொடங்கும்.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் படித்த எங்களுக்குச் சின்னதாக எழுதுவது புதிதல்ல. கொப்பிக்குத் தட்டுப்பாடு. ஜாம்போத்தல் விளக்கில் ஒரு கோட்டுக்குள் இரண்டு வரி எழுதினோம். அப்போதும் எங்கள் கணித ஆசிரியை, செய்கைக்கு ஓரத்தில் கோடு போட்டு இடம் விடவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. கடதாசியை வேறெங்காவது மிச்சம் பிடியுங்கள் என்பார்.

சின்ன இலக்கமும் பெரிய இலக்கமும் கலக்கக்கூடாது என்பதை ஆஸ்பத்திரியில் இன்னும் கூடுதலாக உணர்கிறோம். வயிற்று வலியோடு இரவில் வந்த இளம் பெண்ணின் குறிப்பில் ஒருவர் ‘குடல்வளரி அழற்சியா?’ என்று கேள்விக்குறியோடு எழுதுவார். அடுத்தவர் பார்த்தெழுதும்போது கேள்விக்குறி விழுந்துபோகும். மூன்றாமவருக்கு அது முடிந்த முடிவு. கருக்குழாயில் தரித்த கர்ப்பத்தின் வலியும் அதே இடத்தில் வரலாம். எவரும் தேடாவிட்டால், விடிவதற்குள் உள்ளே இரத்தம் நிறைந்துவிடும். அதனால்தான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் கேள்விக்குறியைப் பார்க்கிறோம், கையெழுத்தை அல்ல. அங்கே அழிறப்பருக்கும் இடமில்லை. பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்டி, வெட்டியது வாசிக்கத் தெரியும்படி விட்டு, திகதியிட்டு ஒப்பமிட வேண்டும்.

சுடோகுவில் அந்தக் கெடுபிடி இல்லை, தாராளமாக அழிக்கலாம். வாசல் மேசையில் நாலு வகைத் தாள்களும் பென்சில்களும் வைத்திருக்கிறோம். கண்ணாடியை மறந்து வந்த அக்காமாருக்குப் பெரிய எழுத்துத் தாள் தனியாக உண்டு. நாலாவது தாளுக்கு மட்டும் விடை அச்சிடவில்லை.