கடல் கடந்தால் காசா? அட்டையா?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் குறளையும் கம்பனையும் பற்றி அறிஞர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இந்த நாகபுரி இரயில் நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பயணச்சீட்டு எழுத்தனாகப் பணியாற்றுகிறேன். "நீர் அறிந்ததைப் பேசினால் போதும்" என்றார் செயலாளர். நான் அறிந்தது பணம் எண்ணுவது ஒன்றே. ஆகவே பணத்தைப் பற்றியே பேச முற்படுகிறேன்.

நம் சங்கத்தில் இன்று பல குடும்பங்களின் பிள்ளைகள் அயல்நாடுகளில் வாழ்கின்றனர். பேரப்பிள்ளையின் முகம் காணப் பெற்றோர் புறப்படுகின்றனர். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பணமாகவே கொண்டு செல்வதா, வங்கி அட்டையை நம்புவதா?

முன்பெல்லாம் நான் அட்டையின் கட்சி. அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்த தமிழ்த் தொழிலாளி ஒருவர் பையைப் பறிகொடுத்துவிட்டு என் சாளரத்தின் முன் வந்து நின்றார். ஆறு மாதச் சம்பளம் அந்தப் பையில் இருந்ததாம். நான் தமிழில் ஒரு சொல் பேசியதும் அவர் குழந்தையைப் போல் அழுதுவிட்டார். அன்றே, வெளியூர் சென்றால் கையில் மிகுதியாகப் பணம் வைத்துக்கொள்வதில்லை என்று உறுதி கொண்டேன்.

2024ஆம் ஆண்டு மே மாதம், துறையின் அனுமதி பெற்று, என் தாயாரைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றேன். அங்கே என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. என் சட்டைப் பையில் நூறு வெள்ளியும், வங்கியின் பற்று அட்டை ஒன்றும் மட்டுமே இருந்தன. சிங்கப்பூர்த் தமிழர் டாலரை 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர். அந்நாட்டு நாணயங்களில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் பொறித்திருப்பதைக் கண்டு என் தாயார் அடைந்த மகிழ்ச்சி சொல்லி முடியாது.

மூன்றாம் நாள், தங்கையின் கணவர் வேலைக்குச் சென்றபின், தாயாரைச் சிராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். திரும்பும்போது நடைபாதை விளிம்பில் கால் இடறி விழுந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அருகிலிருந்த மருத்துவரிடம் ஓடினோம். படம் எடுத்துக் கட்டுப் போட்டு, நூற்றெண்பது வெள்ளி கேட்டனர். என்னிடம் எஞ்சியிருந்தது அறுபது. அட்டையை நீட்டினேன். இயந்திரம் மறுத்தது. மீண்டும் நீட்டினேன். மீண்டும் மறுத்தது. தெருமுனையிலிருந்த ஏ.டி.எம். இயந்திரமும் கைவிரித்தது.

காரணம் பின்னர்தான் விளங்கியது. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2020ஆம் ஆண்டு முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டில் மட்டுமே இயங்கும் நிலையில் தரப்படுகின்றன. அயல்நாட்டுப் பயன்பாட்டை நாமே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். அட்டை களவு போனாலும் பணம் போகாதிருக்க அமைந்த நல்ல காவல் அது. பூட்டு நல்லதுதான், சாவியைத் திருப்பாமல் வந்தது என் பிழை. அங்கிருந்தே திறக்க முயன்றேன். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் என் இந்தியக் கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். அந்த எண்ணுக்கு வெளிநாட்டு இணைப்புப் பெற நான் மறந்துவிட்டேன்.

செய்வதறியாது நின்ற என்னைத் தாயார் அழைத்தார். வலியில்லாத கையால் சுருக்குப்பையை அவிழ்த்து, மூன்று ஐம்பது வெள்ளி நோட்டுகளை எடுத்தார். பேத்திக்கு விருப்பமானதை வாங்குமாறு மாப்பிள்ளை கொடுத்த பணம் அது. "இது செல்லுமா பார், தம்பி" என்றார். செல்லும் அம்மா என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நாள்தோறும் இலட்சக்கணக்கில் எண்ணும் கை அன்று வெறுங்கையாக நின்றது.

நண்பர்களே, பழங்காலத்தில் கடல் கடந்து வாணிகம் செய்த நகரத்தார் எல்லாவற்றையும் பொன்னாகச் சுமந்து செல்லவில்லை. இங்கே எழுதிய உண்டியலை அங்கே மாற்றிக்கொண்டனர். சிங்கப்பூரில் அவர்கள் கடை வைத்திருந்த மார்க்கெட் வீதியைத் தமிழர் செட்டித் தெரு என்றே அழைத்தனர். பின்னர்ப் பயணிகள் காசோலை வந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 1891ஆம் ஆண்டில் அதை வெளியிட்டது. இவை அனைத்தின் உயிர்நாடியும் ஒன்றே: மறுமுனையில் 'ஆம், இது எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். இன்றைய அட்டையும் ஓர் உண்டியலே. மறுமுனை மௌனமானால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. ரொக்கப் பணமோ எவரையும் கேட்பதில்லை. ஆனால் ஒருமுறை தொலைந்தால் திரும்புவதுமில்லை. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால் இரண்டும் வேண்டும்.

ஊருக்கு ஊர் வழக்கமும் வேறு. இலண்டன் மாநகரப் பேருந்துகளில் 2014ஆம் ஆண்டு முதல் ரொக்கம் வாங்குவதில்லை. உறவினர் எப்போதோ கொடுத்து வைத்த பழைய காகித இருபது, ஐம்பது பவுண்டு நோட்டுகளும் 2022 செப்டம்பர் 30க்குப் பின் அங்குள்ள கடைகளில் செல்லா. ஜப்பானிலோ சிறு உணவுக் கடைகள் பலவற்றில் காசுதான் வேண்டும். சிங்கப்பூரின் உணவங்காடிக் கடைகள் பலவும் வங்கி அட்டையை ஏற்பதில்லை. செல்லும் ஊரின் வழக்கத்தை அங்குள்ள பிள்ளைகளிடம் முன்பே கேட்டறிவது நலம்.

இன்னொரு பாடமும் கற்றேன். தாயாரின் பணத்தை ஈடுசெய்ய, அட்டை திறக்கப்பட்டபின், குழந்தைக்குக் காதணி வாங்கினேன். விலை முந்நூறு வெள்ளி. கடை இயந்திரம், "ரூபாயில் செலுத்துகிறீரா, வெள்ளியிலா?" என்று கேட்டது. அயலூரில் தமிழ்க்குரல் கேட்டவனைப் போல் மகிழ்ந்து ரூபாயைத் தொட்டேன். அன்றைய மாற்று விலைப்படி ஏறக்குறைய 18,600 ரூபாய் ஆக வேண்டியது, 19,500 ஆயிற்று. ரூபாயைத் தேர்ந்தால், மாற்று விலையைக் கடைப்பக்கத்தார் தம் விருப்பப்படி வைக்க நாமே இசைவு தருகிறோம். எந்நாட்டில் நிற்கிறோமோ அந்நாட்டு நாணயத்திலேயே செலுத்துங்கள். அப்போதும் நம் வங்கி தன் கட்டணத்தை எடுக்கும். நூற்றுக்கு 3.5 என்பது பல வங்கிகளின் வழக்கம். அக்கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. ஆக, நூறு ரூபாய்க்கு நான்கு ரூபாய்க்குச் சற்று மேல். முன்பணம் ஏற்றிச் செல்லும் ஃபாரக்ஸ் அட்டையில், அந்நாட்டு நாணயத்தையே ஏற்றிச் சென்றால், இக்கட்டணத்தைப் பெரிதும் தவிர்க்கலாம். விமான நிலையத்தில் பணம் மாற்றுவது மட்டும் அவசரத்துக்கன்றி வேண்டாம். அங்கே மாற்று விலை பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

சட்டத்தையும் சுருங்கச் சொல்கிறேன். பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் அயல்நாட்டு நோட்டாக வாங்கிச் செல்லலாம். மிகுதியை அட்டையில் ஏற்றலாம். திரும்பியபின் 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். உரிமம் பெற்ற நாணய மாற்றுநரிடம் வாங்கி, இரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் நிலையத்தில் ஒரு நாளின் வசூல் முழுவதையும் ஒரே எழுத்தனின் பெட்டியில் விட்டுவைப்பதில்லை. பயணத்துக்கும் அதுவே விதி. முதல் இரண்டு நாள் உணவு, போக்குவரத்து, அத்துடன் ஒருமுறை மருத்துவரைக் காணும் செலவு ஆகியவற்றுக்கு ரொக்கம் வையுங்கள். பெருஞ்செலவுக்கு ஃபாரக்ஸ் அட்டை. வேறொரு வங்கியின் அட்டை ஒன்று, வேறொரு பையில். புறப்படுமுன் அட்டையைத் திறந்து, கைப்பேசி எண்ணுக்கு வெளிநாட்டு இணைப்பையும் பெற்றுவிடுங்கள்.

இவை அனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. உடன் வரும் மனைவி கையிலும், தாயார் கையிலும் தனியே சிறிது பணம் கொடுங்கள். "எல்லாம் என்னிடம் இருக்கிறது" என்று ஆண்மக்களாகிய நாம் சொல்கிறோம். அன்று என்னிடம் ஒன்றுமில்லை, அவரிடம் இருந்தது.

தாயாரின் கை நன்கு குணமாகிவிட்டது. அந்தச் சுருக்குப்பையில் 'சிங்கப்பூர்' என்று தமிழ் பொறித்த காசு ஒன்று இன்றும் இருக்கிறது. அடுத்த பயணத்துக்கு வேண்டும் என்கிறார்.