முதல் பிளாக்கை யார் எழுதுவது?



பொதுப் பிளாக்செயின் வலையமைப்புகள் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. இன்று படிக்கப்படவிருக்கும் கட்டுரைகளின் சுருக்கங்களைப் பார்த்தேன். பெரும்பாலானவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்பின் வேகம், கட்டணம், பாதுகாப்பு பற்றியவை. நான் ஒரு படி பின்னால் போகிறேன். ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே முடிவுக்குக் கொண்டுவரும் நெறிமுறைக்கு, தன் முதல் பிளாக் எது என்பதை மட்டும் தானாக முடிவுசெய்ய வழியில்லை. அதை மனிதர்கள்தான் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். ஒரு வலையமைப்பின் பிற்காலக் குணம் பெரும்பாலும் அந்தப் பேச்சிலேயே அமைந்துவிடுகிறது என்பது என் துணிபு.

காஸ்மோஸ் ஹப் என்ற வலையமைப்பு 2019 மார்ச் 13 அன்று தொடங்கியது. சேர விரும்பிய ஒவ்வொரு வேலிடேட்டரும், அதாவது பிளாக்குகளைச் சரிபார்த்து வாக்களிப்பவரும், தன் பொதுச் சாவியையும் ஈடு வைக்கும் டோக்கன்களின் அளவையும் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு சிறு கோப்பை கிட்ஹப்பில் சேர்த்தார். அவற்றைத் திரட்டி, தொடக்க நிலையை வரையறுக்கும் ஒரே ஜெனிசிஸ் கோப்பாக்கினார்கள். எல்லாரும் அதை இறக்கி, ஹாஷ் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, மென்பொருளை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். குறித்த நேரம் வந்தால் மட்டும் போதாது. மொத்த வாக்கு வலிமையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இணைந்தால்தான் அடுத்த அடி. தொடங்கிய பிறகும் டோக்கனை ஒருவருக்கொருவர் அனுப்பும் வசதி பூட்டியே இருந்தது. வாக்கெடுப்பு நடத்தித்தான் திறந்தார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். முதல் நாளே சந்தைப் பட்டியலில் ஏறத் துடிக்கும் இன்றைய தொடக்கங்களில் அது அரிது.

எத்தீரியம் வேறு வழியில் போனது. பீக்கன் செயின் என்ற அதன் புதிய செயினுக்கான வேலிடேட்டர் பட்டியலை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய செயினே தயாரித்துத் தந்தது. 2020 நவம்பர் 4 அன்று வைப்பு ஒப்பந்தம் வெளியானது. ஒரு வேலிடேட்டருக்கு 32 ஈத்தர். குறைந்தது 16,384 பேர். ஆக 5,24,288 ஈத்தர் நவம்பர் 24-க்குள் சேர வேண்டும். போட்ட பணத்தை எப்போது எடுக்கலாம் என்று யாரும் தேதி சொல்லவில்லை. (அது 2023 ஏப்ரலில்தான் வாய்த்தது.) இருந்தும் கடைசி நாட்களில் வைப்புகள் குவிந்து எண்ணிக்கை நிறைந்தது. டிசம்பர் 1, உலக நேரப்படி நண்பகல் 12 மணிக்கு முன்பு தொடங்கக் கூடாது என்பது விதி. உண்மையில் தொடங்கியது 12 மணி 0 நிமிடம் 23 நொடிக்கு. அந்த 23 நொடி எங்கிருந்து வந்தது? ஒரு வாரத்துக்கு முன், நவம்பர் 24 நண்பகலைத் தாண்டி பழைய செயினில் விழுந்த முதல் பிளாக்கின் நேர முத்திரை அது. அதோடு ஏழு நாளைக் கூட்டினார்கள். முகூர்த்தம் குறித்தது மனிதர்கள், நொடியைக் குறித்தது பழைய செயின். அதுவரை வைப்புச் செலுத்திய 21,063 வேலிடேட்டர்களோடு செயின் எழுந்தது.

ஆனால் இந்தத் தொடக்கம் இவ்வளவு சுமுகமாக நடந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய ஒத்திகைகள் அவ்வளவு மோசமாகப் போனதுதான். அந்த ஆண்டு ஆகஸ்டில் மெடாயா என்ற சோதனை வலையமைப்பு ஓடிக்கொண்டிருந்தது. வேலிடேட்டர்களில் மிகப் பெரும்பாலோர் பிரிசம் என்ற ஒரே கிளையன்ட் மென்பொருளை நம்பியிருந்தார்கள். அது ஆறு நேரச் சேவையகங்களைக் கேட்டு, சராசரி எடுத்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். ஆகஸ்ட் 14 அன்று அந்த ஆறில் ஒன்று மறுநாளைய நேரத்தைச் சொன்னது. 24 மணி நேரப் பிழையை ஆறால் வகுத்தால் நான்கு மணி நேரம். வலையமைப்பின் பெரும்பகுதி நான்கு மணி நேரம் எதிர்காலத்துக்குப் போய்விட்டது! லைட்ஹவுஸ், டேக்கு, நிம்பஸ் கிளையன்ட்களின் கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவற்றை ஓட்டியவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில்கூட இல்லை. பிளாக்குகளை இறுதியாக்க முடியாமல் வலையமைப்பு நாள்கணக்கில் தள்ளாடியது. சராசரியை எடுக்காமல் நடு மதிப்பை எடுத்திருந்தால் அந்த ஒற்றைப் பிழை ஒன்றுமில்லாமல் போயிருக்கும். பள்ளிக் கணக்குதான்.

செப்டம்பர் 29-இல் தொடக்கத்தை மட்டும் ஒத்திகை பார்க்க ஸ்பாடினா என்று ஒன்றை எழுப்பினார்கள். பங்கேற்பு போதவில்லை. அக்டோபர் 12-இல் ஜிங்கன் என்ற பெயரில் மறுபடி நடத்தினார்கள், ஓரளவு தேறியது. அதன் பிறகே வைப்பு ஒப்பந்தத்தை வெளியிட்டார்கள்.

ஒரே கிளையன்ட்டை எல்லாரும் நம்பக் கூடாது என்று மெடாயா கற்றுக்கொடுத்தது பிறகும் பயன்பட்டது. 2023 மே 11, 12 தேதிகளில் உண்மையான எத்தீரியத்திலேயே இறுதியாக்கம் இருமுறை நின்றது. பிரிசமும் டேக்கும் பழைய வாக்குகளைச் சரிபார்க்கும் சுமையில் திணறின. அதற்குள் கிளையன்ட்கள் ஓரளவு பரவியிருந்ததால், மற்றவை பிளாக்குகளைத் தொடர்ந்து எழுப்ப, முதல் நாள் அரை மணி நேரத்துக்குள்ளும் மறுநாள் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் செயின் தானாகவே மீண்டது.

புதிய வலையமைப்பு தொடங்கப்போகிறோம் என்று வரும் இளைஞர்கள் வெள்ளை அறிக்கையைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். நான் ஜெனிசிஸ் கோப்பைக் கேட்பேன். அதில் இரண்டே இடங்களைப் பார்ப்பேன்: எந்த முகவரியில் எவ்வளவு இருப்பு, வேலிடேட்டர்களை ஓட்டுவது யார் யார். முப்பது பெயர் இருக்கும். விசாரித்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிறுவனர்களே ஓட்டும் கணினிகள், அவையும் ஒரே கிளவுட் நிறுவனத்தில் வாடகைக்கு எடுத்தவை. அங்கே மூன்றில் இரண்டு பங்கு என்பது ஒருவரின் கடவுச்சொல்லுக்குள் அடங்கிவிடும். தவறு செய்யும் வேலிடேட்டரின் ஈட்டைப் பறிக்கும் ஸ்லாஷிங் விதியை எவ்வளவு நுணுக்கமாக எழுதினாலும் இதற்கு அது மருந்தாகாது. தண்டிக்க வேண்டியவரே பெரும்பான்மையாக இருக்கிறாரே!

எனவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆராய்ந்த வலையமைப்பின் வினாடிக்கு இத்தனை பரிவர்த்தனை என்ற எண்ணைச் சொல்வதற்கு முன், அதன் முதல் கோப்பில் கையொப்பமிட்டவர்கள் ஒருவரையொருவர் சாராதவர்கள்தானா, எத்தனை கிளையன்ட் மென்பொருள்கள் ஓடுகின்றன, செயின் நின்றுபோனால் மறுபடி எழுப்ப யார் யாரை அழைப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். கேள்வி நேரத்தில் நான் இவற்றைத்தான் கேட்கப்போகிறேன்.

முதல் அமர்வுக்குரியவர்கள் மேடைக்கு வரலாம்.