மலைக் கிளைக்கு எது அளவுகோல்?

ஒரு வங்கிக் கிளை எப்படி நடக்கிறது என்று கேட்டால், ஓர் ஊழியருக்கு எத்தனை கோடி வணிகம் என்ற கணக்கைத்தான் முதலில் நீட்டுவார்கள். வைப்பையும் கடனையும் கூட்டி ஆள்கணக்கால் வகுத்தால் முடிந்தது. கள்ளக்குறிச்சி நகரில் ஒரு கிளை, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கிளை என்று வைத்துக்கொள்வோம். கீழே அரிசி ஆலைக்காரரின் நடப்புக் கணக்கு, லட்சக்கணக்கில் நகைக்கடன். மேலே மரவள்ளி போட்ட குடும்பங்கள், நூறுநாள் வேலைக் கூலியை எடுக்க வரும் பெண்கள். ஐந்நூறு ரூபாய் எடுப்பதற்கும் அதே காசாளர், அதே கைரேகை. சிக்னல் போனால் காத்திருப்பு வேறு. வகுத்துப் பார்த்தால் மலைக் கிளை தோற்கத்தான் செய்யும். அங்கே வேலை பார்ப்பவரின் திறமையைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

இதற்கு மாற்றாக 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூவர் தந்த முறைக்கு டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ் என்று பெயர். ஆள், செலவு ஆகியவற்றை ஒரு பக்கமும், கணக்குகள், கடன், பரிவர்த்தனை ஆகியவற்றை மறுபக்கமும் வைத்து, ஒவ்வொரு கிளைக்கும் அதற்கே சாதகமான மதிப்பெடையைக் கொடுக்கும். அப்படியும் மற்ற கிளைகள் சேர்ந்து குறைந்த செலவில் அதே வேலையைச் செய்துகாட்டினால்தான் அந்தக் கிளை பின்தங்கியது என்று பொருள். எதை வேலை என்று சேர்க்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். பட்டாச்சார்யா, லவெல், சஹாய் ஆகியோர் 1986 முதல் 1991 வரை 70 இந்திய வங்கிகளை இம்முறையில் ஆராய்ந்து, பொதுத்துறை வங்கிகளே முன்னணி என்றார்கள். வைப்பு திரட்டுவதையும் வேலையாக எண்ணிய கணக்கு அது. வைப்பை மூலப்பொருள் பக்கம் தள்ளியிருந்தால் வரிசையே மாறியிருக்கலாம்.

வங்கி என்ன தர்மசத்திரமா, சாதகமான எடை கொடுத்தால் சோம்பேறிக் கிளையும் தப்பிவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கிளைகள் கொஞ்சமாகவும் அளவுகள் ஏராளமாகவும் இருந்தால் கிட்டத்தட்ட எல்லாக் கிளையும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். அதனால் அளவுகளைச் சுருக்கி, மலைக் கிளையை மலைக் கிளைகளோடு நிறுத்த வேண்டும். ஜவ்வாது மலையும் கொல்லிமலையும் இருக்கவே இருக்கின்றன. லாபம் தனிக் கணக்காகவே இருக்கட்டும். எனக்குக் கவலை, எந்தப் பகுதிக்கு எவ்வளவு கடன் தேவைப்படும் என்ற கணிப்பில்தான். பழைய கடன் பதிவைப் படித்துத்தான் கணினி நாளைய தேவையைச் சொல்கிறது. பட்டா இல்லாததால் கடன் கேட்கவே வராதவர் அந்தப் பதிவில் இல்லை. ஆகவே மலையில் தேவை குறைவு என்றுதான் அது சொல்லும். முன்னுரிமைத் துறைக் கடன் குறைவாகச் சேரும் மாவட்டங்களில் புதிதாகத் தரும் கடனுக்கு 2021-22 முதல் இலக்குக் கணக்கில் 125 சதவீத மதிப்பெடை என்று ரிசர்வ் வங்கி வைத்தது மாவட்டங்களுக்கிடையே உள்ள இத்தகைய சாய்வைத் திருத்தத்தான். ஆனால் அது மாவட்டம் முழுவதற்குமான சராசரி. சமவெளியின் கரும்புக் கடனும் மலையின் மரவள்ளியும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. வட்டார வாரியாகப் பிரித்தால்தான் கல்வராயன் மலை அந்தக் கணக்கில் தென்படும்.